மேடை நாடகம் நம் ஊர்த் திரையரங்குகளுக்கும் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னை சபாக்களில் நாடகத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவருவதைப் பற்றியும், சென்னையைத் தாண்டினால் தமிழ் நாடகம் பார்க்கவே கிடைப்பதில்லை என்பதைப் பற்றியும் வாசகர்கள் அவ்வப்போது வருந்தி எழுதுவதைப் பார்க்கிறேன். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் தொலைக்காட்சித் தொடர்களையும் கைபேசியையும் குறை சொல்வதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நான் குடியிருக்கும் இங்கிலாந்தில், மேடையில் நடக்கும் நாடகத்தைப் பார்வையாளர்கள் முன்னிலையிலேயே பல கேமராக்களைக் கொண்டு நல்ல முறையில் படம்பிடித்து, சிற்றூர்த் திரையரங்குகளில் டிக்கெட் விற்றுத் திரையிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அதனால் பயன்பெறுகிறவர்களில் நானும் ஒருவன். நம் நாடகத்துக்கும் இது கைகொடுக்கும் என்று உறுதியாக நம்புவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்து வெளியிட வேண்டுகிறேன்.

இங்கிலாந்தின் வடபகுதியில், மலைச்சரிவை ஒட்டிய ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். லண்டனுக்குப் போய் ஒரு நாடகம் பார்க்க நினைத்தால் ரயில் கட்டணம் ஒருபுறம். நாடகம் முடியும் நேரத்தில் ஊர் திரும்ப ரயில் இருக்காது என்பதால் ஓரிரவு தங்கும் செலவு இன்னொருபுறம். நல்ல இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட் விலையே பல நேரங்களில் நூறு பவுண்டைத் தாண்டிவிடும். இரண்டு பிள்ளைகளோடு அது நினைத்துப் பார்க்கக்கூடிய செலவு அல்ல. எங்கள் ஊர்த் திரையரங்கு ஒற்றைத் திரை கொண்ட பழைய கட்டடம். நுழைவாயிலில் டிக்கெட்டைச் சரிபார்ப்பவர்களில் பாதிப்பேர் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற ஊர்க்காரர்கள். இடைவேளையில் பீங்கான் கோப்பையில் தேநீரும், வீட்டில் செய்த கேக்கும் கிடைக்கும். வழக்கமான படங்களுக்கு நடுவே, வார நாள் மாலை ஒன்றில், 'நேஷனல் தியேட்டர் லைவ்' என்ற பெயரில் ஒரு நாடகமும் அங்கே வந்து போகும். டிக்கெட் இருபது பவுண்டுக்குள்தான். அன்று வருகிற கூட்டமே வேறு மாதிரியாக இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆட்டுப் பண்ணைக்காரர்கள், பாடப்புத்தகமாகப் படித்த நாடகத்தை முதன்முறையாக நடிப்பில் பார்க்க வந்திருக்கும் பள்ளி மாணவர்கள் என்று, லண்டன் அரங்குகளுக்குப் போகவே வாய்ப்பில்லாதவர்கள் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருப்பார்கள்.

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள நேஷனல் தியேட்டர் 2009 ஜூன் மாதத்தில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஹெலன் மிர்ரன் நடித்த ஒரு நாடகம் மேடையில் நடந்துகொண்டிருக்கும்போதே செயற்கைக்கோள் வழியாகத் திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்டது. அதற்கு முன்பே, 2006 டிசம்பரில், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா என்ற இசைநாடக நிறுவனம் இப்படித்தான் தன் நிகழ்ச்சிகளை வெளியூர்களுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. 2013இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற பிரிட்டிஷ் நாடக நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 2015இல் பெனடிக்ட் கம்பர்பாட்ச் நடித்த 'ஹாம்லெட்' லண்டன் பார்பிக்கன் அரங்கில் நடந்தபோது, டிக்கெட்டுகள் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டன. அந்த நாடகத்தைப் பார்த்ததாக இன்று சொல்கிறவர்களில் மிகப் பலர் அதைத் தங்கள் ஊர்த் திரையரங்கில் பார்த்தவர்கள்தான்.

இந்த எண்ணம் இன்னும் பழையது. ரிச்சர்ட் பர்ட்டன் நியூயார்க் மேடையில் ஹாம்லெட்டாக நடித்ததை 1964இல் மின்னணுக் கேமராக்களால் படம்பிடித்து, அமெரிக்கா முழுவதும் சுமார் ஆயிரம் திரையரங்குகளில் இரண்டே நாட்கள் திரையிட்டார்கள். திரையிடல் முடிந்ததும் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பர்ட்டனிடம் ஒரு பிரதி தங்கிவிட்டதால்தான் அந்த நடிப்பு இன்று நமக்குக் கிடைக்கிறது. அந்த ஒரு பிரதியும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நம்மைப் போல் உணர்ந்தவர்கள் இருக்க முடியாது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது ருஷ்ய எழுத்தாளர் செகாவின் 'வான்யா மாமா' நாடகத்தை சைமன் ஸ்டீபன்ஸ் புதிதாகத் தழுவி எழுதிய 'வான்யா'. 2023இல் லண்டனில் மேடையேறி, 2024 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் அத்தனை பாத்திரங்களையும் ஆண்ட்ரூ ஸ்காட் என்ற ஒரே நடிகர் ஏற்கிறார். உடை மாற்றம் கிடையாது, ஒப்பனை மாற்றம் கிடையாது. சமையலறைத் துணி ஒன்றைக் கையில் பிடித்தால் அவர் வான்யாவின் மருமகள் சோனியா. டென்னிஸ் பந்து கைக்கு வந்தால் மருத்துவர். கழுத்துச் சங்கிலியை விரல்கள் தேடினால் சோனியாவின் சிற்றன்னை ஹெலனா. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் ஊருக்கெல்லாம் உழைத்துச் சலித்துப்போன வான்யா மாமா. மேடையின் நடுவே ஒரு கதவு. ஒரு பக்கம் மாமாவின் இறந்துபோன சகோதரியின் நினைவாகத் தானே வாசித்துக்கொள்ளும் பியானோ.

சோனியாவுக்கு மருத்துவர் மேல் காதல். அவருக்கோ அது உறைக்கவே இல்லை. அந்த இருவரும் பேசும் காட்சியில், சொல்லத் தயங்கும் பெண்ணின் முகமும், எதையும் கவனிக்காமல் பேசிக்கொண்டே போகிற ஆணின் முகமும் ஒரே முகத்தில் மாறிமாறி வந்துபோகின்றன. லண்டன் அரங்கின் மேல்மாடத்தில் அமர்ந்திருந்தால் கையிலிருக்கும் துணி தெரியும், பந்து தெரியும். ஆனால் துணியைப் பிடித்திருக்கும் விரல்கள் இறுகித் தளர்வது தெரியாது. அதை எங்கள் ஊரில் பின்வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். லண்டன் பார்வையாளர்களின் சிரிப்பு ஒலிபெருக்கி வழியாக எங்களைச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் பத்து நிமிடங்கள் நாங்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். அதன்பின் எது அவர்கள் சிரிப்பு, எது எங்கள் சிரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை. பிற்பகுதியில் இரண்டு அரங்குகளிலும் ஒரே சமயத்தில் பேச்சுமூச்சு நின்றது. நாடகம் முடிந்து ஸ்காட் தலை வணங்கியபோது, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் எங்கள் அரங்கில் கைதட்டினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டி ஒருவர், முன்பின் தெரியாத என்னிடம் திரும்பி, இளமையில் தன் பெரியம்மாவும் இப்படித்தான் பிறருக்காகவே உழைத்து ஓய்ந்துபோனார் என்று சொல்லத் தொடங்கி, விளக்குகள் எரிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்.

2020 ஊரடங்கின்போது, ஏப்ரல் தொடங்கி வியாழக்கிழமைதோறும் ஒரு நாடகத்தை நேஷனல் தியேட்டர் யூடியூபில் இலவசமாக வெளியிட்டது. அடைபட்டிருந்த அந்த நாட்களில் அது பெரிய ஆறுதல். நானும் நன்றியோடு பார்த்தேன். ஆனால் வீட்டுக் கூடத்தில் பார்க்கும்போது நடுவில் தொலைபேசி அடிக்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது, ஒருவர் எழுந்து போகிறார், படத்தை நிறுத்தி வைக்கிறோம். முன்பின் அறியாதவர்களோடு இருட்டில் உட்கார்ந்து, நிறுத்த முடியாத ஒன்றைச் சேர்ந்து பார்ப்பதில்தான் நாடகத்தின் பாதி இருக்கிறது. அதனால்தான் நான் இணையத்தைப் பற்றிப் பேசாமல், ஊர்த் திரையரங்கைப் பற்றிப் பேசுகிறேன்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்பது நம் நாடகக் குழுக்களுக்குப் பயன்படக்கூடும். அரங்கின் பின்னால் ஒரு கேமராவை நிறுத்தி ஓடவிடுகிற வேலை அல்ல இது. நாடகம் சில வாரங்கள் நடந்து, நடிகர்களுக்கு வசனமும் அசைவும் நன்றாகப் படிந்த பிறகே படம்பிடிக்கும் நாளைக் குறிக்கிறார்கள். அன்று பார்வையாளர் இருக்கைகளில் சிலவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேமராக்களையும், தண்டவாளத்தில் நகரும் ஒன்றையும், நீண்ட கையோடு உயர்ந்து தாழும் ஒன்றையும் அமைக்கிறார்கள். எந்த வசனத்தின்போது எந்தக் கேமரா, எவ்வளவு நெருக்கத்தில் என்று நாடகப் பிரதியின் ஓரத்தில் குறித்துவைத்து, கேமராவுக்கென்றே தனி ஒத்திகை பார்க்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பதற்காகப் போட்ட ஒப்பனை நெருக்கத்தில் அப்பட்டமாகத் தெரியும் என்பதால் அதைக் குறைக்கிறார்கள். ஒளியமைப்பையும் கேமராவுக்கு ஏற்பச் சற்று மாற்றிக்கொள்கிறார்கள். கேமராக்கள் கண்ணை மறைக்கக்கூடும் என்பதால், அன்று அரங்குக்கு நேரில் வருகிறவர்களுக்கு டிக்கெட் விலையைக் குறைத்துக் கொடுத்ததும் உண்டு. நேரில் வந்தவருக்குத் தொல்லை என்றால் அவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்ற அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

திரையில் பார்க்கும்போது கிடைக்காதவையும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. மேடையின் எந்த மூலையைப் பார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை பார்வையாளரிடமிருந்து படப்பிடிப்பு இயக்குநரின் கைக்குப் போய்விடுகிறது. பத்துப் பேர் மேடையில் நிற்கும் காட்சியில் பேசுகிறவரின் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தால், ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பவரின் நடிப்பு நமக்கு இல்லாமல் போகிறது. சில பதிவுகளில் நெருக்கக் காட்சிகளை அளவுக்கு மீறி வைத்து, மேடை என்ற ஒன்று இருப்பதையே மறக்கடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் நல்ல பதிவு என்பது முழு மேடையையும் அடிக்கடி காட்டி, தேவைப்படும் இடத்தில் மட்டுமே முகத்தருகே போவது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடிகருக்கு நம்முடைய மூச்சு கேட்காது. அந்த இழப்பை எந்தக் கேமராவாலும் ஈடுகட்ட முடியாது.

அப்படியென்றால், திரையில் மலிவாகக் கிடைக்கும்போது மேடைக்கு யார் வருவார்கள் என்ற அச்சம் நாடகக்காரர்களுக்கு எழுவது இயல்பே. இங்கேயும் அதே கேள்வி எழுந்தது. பிரிட்டனின் நெஸ்டா என்ற ஆய்வு நிறுவனம் நேஷனல் தியேட்டரின் முதல் திரையிடல்களைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், மனம் ஒன்றிப் பார்த்ததாகச் சொன்னவர்கள் அரங்கில் பார்த்தவர்களைவிடத் திரையரங்கில் பார்த்தவர்களிடையே அதிகமாக இருந்தார்கள். 2014இல் அதே நிறுவனம் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், திரையிடல்களால் நாடக அரங்குகளுக்கு வரும் கூட்டம் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. லண்டனில் அது கூடியதற்கே அறிகுறி தெரிந்தது. திரையில் பார்த்துச் சுவை கண்டவர் அடுத்த முறை நேரில் பார்க்க விரும்புவார் என்பது எனக்கு வியப்பாக இல்லை. எங்கள் ஊரில் திரையரங்கில் நாடகம் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பலர் பக்கத்து நகரத்தின் நாடக அரங்குக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். தமிழ் சினிமாவின் முதல் பேசும்படங்களில் பெரும்பாலானவை மேடையில் நடந்துகொண்டிருந்த நாடகங்களையே எடுத்தாண்டவை. தியாகராஜ பாகவதர் மேடையில் நடித்துவந்த 'பவளக்கொடி'தான் 1934இல் அவருடைய முதல் படமானது. ஆனால் அந்தப் படங்களை மேடையின் பதிவு என்று சொல்லிவிட முடியாது. எம்.ஆர்.ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' 1954இல் படமாக வந்ததால் அந்த நடிப்பின் ஒரு வடிவம் நமக்குக் கிடைத்தது. ஆனால் அன்றைய செய்தித்தாளில் வந்ததை அன்றிரவே மேடையில் வசனமாக்கி, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தே பேசி, நாளுக்கு ஒரு நாடகமாக அதை அவர் நடத்தினார் என்று பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோமே, அது எங்கே கிடைக்கும்? டி.கே.சண்முகம் மேடையில் ஔவையாராக வாழ்ந்து காட்டியதால் 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். 1953இல் வந்த படத்தில் அந்தப் பாத்திரத்தைக் கே.பி.சுந்தராம்பாள் ஏற்றார். அந்த அம்மையாரின் குரலுக்கும் நடிப்புக்கும் நான் தலைவணங்குகிறேன். ஆயினும் ஓர் ஆண் நடிகர் கிழவியாகக் கூனி நடந்து ஊரையே நம்பவைத்தது எப்படி என்பதை, இனி வரும் எந்த நாடக மாணவரும் பார்த்துக் கற்க வழியில்லை.

கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' இன்னும் அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு. 1981இல் கே.பாலசந்தர் இயக்கத்தில் படமாக வந்ததால் இன்றும் அது பேசப்படுகிறது. படத்தில் வறண்ட மண்ணையும் காலிக் குடங்களையும் நேராகவே காட்டிவிட முடிந்தது. மேடையில் அப்படிக் காட்ட வழியில்லாமல், அந்த ஊரின் தாகத்தை நடிகர்கள் பேச்சிலும் நடையிலும் கொண்டுவர வேண்டியிருந்தது. மேடைக்கே உரிய அந்தத் திறமைதான் பதிவாகாமல் போவது. ஆர்.எஸ்.மனோகரின் பிரம்மாண்டமான மேடைக் காட்சிகளையும் தந்திரக் காட்சிகளையும் பற்றி அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகியிருக்கிறது. என் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ந.முத்துசாமி, இந்திரா பார்த்தசாரதி போன்றவர்களின் நாடகங்கள் அச்சில் இருக்கின்றன. 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் நடிகர்கள் தங்கள் உடலாலும் குரலாலும் அந்த எழுத்தை என்னவாக மாற்றினார்கள் என்பதை அச்சுப் புத்தகம் சொல்லாது.

சென்னைத் தொலைக்காட்சியின் செவ்வாய்க்கிழமை நாடகங்களை நினைவில் வைத்திருப்பவர்கள், நாடகத்தைத்தான் அப்போதே பதிவு செய்தார்களே என்று கேட்கலாம். அந்த நாடகங்களுக்காக வீதியே வெறிச்சோடியது எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அவை பார்வையாளர் இல்லாத படப்பிடிப்பு அறையில், மூன்று சுவர்களுக்கு நடுவே எடுக்கப்பட்டவை. எஸ்.வி.சேகர், கிரேஸி மோகன் நாடகங்கள் ஒலிநாடாக்களாக வீடுதோறும் ஒலித்தபோது, அவற்றில் அரங்கின் சிரிப்பும் சேர்ந்து பதிவாகியிருந்ததால்தான், முகம் தெரியாமலேயே நாம் அவற்றை அவ்வளவு ரசித்தோம் என்று நினைக்கிறேன். பார்வையாளர்களின் குரலும் சேர்ந்து பதிவாவதே நாடகப் பதிவின் உயிர்.

இதற்குத் தேவையான கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. மார்கழியில் கச்சேரிகளை இதே சபாக்களில் பல கேமராக்களோடு தொலைக்காட்சிகள் படம்பிடிக்கின்றன. திரையரங்குகளுக்குப் படங்களை டிஜிட்டல் வடிவில், திருட்டுப் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் தொழில்நுட்பத்தில் உலக அளவில் பெயர் பெற்ற க்யூப் நிறுவனம் சென்னையைச் சேர்ந்ததுதான். நாடகம் திருட்டுத்தனமாக இணையத்துக்குப் போய்விடுமே என்று அஞ்சுகிற குழுவினருக்கு, புதுப்படங்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறதோ அதுவே கிடைக்கும். ஊர்தோறும் ஒற்றைத் திரை அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருமண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறிவருகின்றன. எஞ்சியிருப்பவற்றில் வார நாட்களில் பத்துப் பேருக்காகக் காட்சி ஓட்டுகிறார்கள். மாதம் ஒரு மாலை அந்த அரங்கை நாடகத்துக்குக் கொடுப்பதில் உரிமையாளருக்கு இழப்பு ஏதுமில்லை.

பணத்தைவிட நாடகத்தின் தொழில்முறைதான் முதலில் சரியாக வேண்டும் என்று தோன்றுகிறது. நம் சபா நாடகங்களில் மேடையின் முன்விளிம்பில் மூன்று மைக்குகளை வைத்துவிட்டு, யார் பேசினாலும் அதன் அருகே வந்து நின்று பேசும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கணவனும் மனைவியும் சண்டை போடும்போதுகூட ஒருவரை ஒருவர் பார்க்காமல் மைக்கைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். கேமராவின் முன் இது ஒரு நிமிடம்கூடத் தாங்காது. உடையில் பொருத்தும் சிறிய மைக் ஒவ்வொரு நடிகருக்கும் வேண்டும். மேடை முழுவதையும் ஒரே வெள்ளை வெளிச்சத்தில் நனைக்கிற ஒளியமைப்பும் மாற வேண்டும். படுதாவில் வரைந்த வரவேற்பறையும் மாற வேண்டும். இந்த மாற்றங்கள் பதிவுக்காகச் செய்யப்பட்டாலும், நேரில் வந்து பார்ப்பவருக்கும் நாடகத்தை மேம்படுத்தியே கொடுக்கும்.

திரையரங்கில் காட்டும் பதிவுக்கு 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் தேவை. நாடகக் குழுவொன்று தனியாக அலைந்து இதை வாங்குவது கடினம். நாடக ஆசிரியர், நடிகர்கள், இசையமைப்பாளர் ஆகியோருக்கு வசூலில் என்ன பங்கு என்பதையும் படம்பிடிக்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். நட்பின் பேரில் வாய்வார்த்தையாக விட்டால் பின்னால் மனக்கசப்பில்தான் முடியும். இந்த இரண்டு பொறுப்புகளையும் 1955 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் ஏற்றுக்கொள்ளலாம். கலைமாமணி விருதுகள் வழங்கும் அந்த மன்றம், ஆண்டுக்கு இரண்டு நாடகங்களையாவது தேர்ந்தெடுத்து முறையாகப் பதிவு செய்து பாதுகாக்கவும் நிதி ஒதுக்கினால், அது எந்த விருதுக்கும் குறைந்த மரியாதை ஆகாது. உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இதில் இடம் உண்டு. யார்க்ஷயரில் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1921இல் திறக்கப்பட்ட பழைய திரையரங்கு, 2012 முதல் அந்த ஊரின் நகர மன்றத்தின் பொறுப்பில் நடக்கிறது. அப்படி ஓர் அரங்கை ஊரின் பொதுச்சொத்தாக வைத்து நடத்துவது, நம் நகராட்சிகள் சமுதாயக் கூடங்களை நடத்துவதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

தெருக்கூத்தையும் இப்படிப் படம்பிடித்துத் திரையிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. விடிய விடிய வயல்வெளியில் நடந்து, நடுவே எழுந்து தேநீர் குடித்துவிட்டு வந்து, விடியற்காலை துகிலுரிதலுக்குக் கண்விழித்து உட்காரும் அனுபவத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் மடக்கித் திரையரங்குக்குள் கொண்டுவருவது அதற்குச் செய்யும் நன்மையாக இருக்காது. அதை ஆவணமாகப் பாதுகாப்பது வேறு, டிக்கெட் விற்றுத் திரையிடுவது வேறு. அரங்கத்துக்குள் நடப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகங்களிலிருந்து தொடங்குவதே சரி.

வெளிநாடுகளில் வாழ்கிற தமிழர்களின் சார்பிலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இலங்கையில் 1978இல் தொடங்கிய அவைக்காற்று கலைக் கழகத்தைப் போன்ற குழுக்கள் லண்டனில் பல ஆண்டுகளாகத் தமிழில் நாடகம் போட்டுவருகின்றன. அவற்றையும் லண்டனில் இருப்பவர்கள்தான் பார்க்க முடிகிறது. தமிழ்ப்படம் வெளியானால் எங்கள் பக்கத்து நகரத்தில் அது ஓடுகிறது. குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அதே அரங்கில், அதே கட்டணத்தில் ஒரு தமிழ் நாடகம் வந்தால், என் பிள்ளைகள் பாட்டும் சண்டையும் இல்லாத தமிழை இரண்டு மணி நேரம் காதாரக் கேட்பார்கள். அப்படிக் கேட்கும் வாய்ப்பு இப்போது அவர்களுக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை.

சென்னையின் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபா ஆண்டுதோறும் நடத்தும் கோடை நாடக விழாவில் அரங்கேறும் புதிய நாடகங்கள், சென்னையில் சில காட்சிகளோடு நின்றுவிடுகின்றன. அடுத்த விழாவில் நன்கு வரவேற்புப் பெறும் ஒரே ஒரு நாடகத்தை, அது சில காட்சிகள் நடந்து பக்குவப்பட்ட பிறகு, நிறைந்த அரங்கில் முறையாகப் படம்பிடித்து, கும்பகோணம், காரைக்குடி, தருமபுரி, நாகர்கோவில் ஆகிய நான்கு ஊர்களில் ஒரே மாலையில் ஒரே நேரத்தில் திரையிட்டுப் பார்க்கும்படி நாடகக் குழுக்களையும், சபாக்களையும், திரையரங்கு உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊர்ப் பதிப்புகளில் திரையிடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவித்து, மறுநாள் விமர்சனமும் வெளியிட்டுத் தங்கள் நாளிதழ் உதவ வேண்டும். முதல் பதிவுக்கான செலவில் என்னால் இயன்ற பங்கை அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன். இங்குள்ள நண்பர்கள் சிலரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வட இங்கிலாந்து.